திங்கட்கிழமை கையெழுத்துக்கு முன்னால்

ஃபர்வானியா, குவைத்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சங்கீதாவுக்கு அப்பா கார்மேகம் எழுதுவது. ஹூஸ்டனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்து பத்திரமாக வீடு வந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கம் மட்டும் புதன்கிழமையிலிருந்து இல்லை, அதற்கு யார் காரணம் என்று உனக்கே தெரியும். போனில் நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, நீயும் பாதியில் கட் பண்ணியிருக்கக் கூடாது, இரண்டுக்கும் சரியாகப் போய்விட்டது, அதை விடு. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்கிறாய், அதில் பாதி இங்கிலீஷ், எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, சொல்ல வந்தது மறந்துபோகிறது. அதனால்தான் லீவு நாளும் அதுவுமாகப் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழகுமலை பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னண்ணே பத்தாங்கிளாஸ் பரீட்சையத் திரும்ப எழுதுறீங்களா என்று கேலி பண்ணிக்கொண்டிருக்கிறான். முடித்ததும் அவன்தான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பப்போகிறான். முன்னே பின்னே வந்தால் மேலே நம்பர் போட்டிருக்கிறேன், பார்த்துப் படி. நடுவில் போன் பண்ணாதே. திங்கட்கிழமை நீ அந்த ராணுவ ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு, எனக்கு அது போதும்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதுவும் விட்டுப்போகும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ வாங்கி அனுப்பிய மாத்திரையில் தனக்குப் பாதி, எதிர்வீட்டுக்காரிக்குப் பாதி என்று தர்மம் பண்ணியிருக்கிறாள், அந்த அம்மாவுக்கு வயிறு எரிந்து ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்ததாம். நர்ஸைப் பெற்றவள் என்றால் தானும் பாதி நர்ஸ் என்று வடிவுக்கு நினைப்பு. நீயே ஒரு தடவை போன் போட்டு நன்றாகத் திட்டு, நான் சொன்னால் அவள் கேட்கிறவளா. விமலுக்கு ஓசூர் கம்பெனியில் வேலை நிரந்தரமாகிவிட்டது, அதைக்கூட அவன் என்னிடம் நேரே சொல்லவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும், உங்கள் இரண்டு பேருக்கும் இது ஒரு வியாதி. நீயும் இந்தப் பட்டாள விஷயத்தை அம்மாவிடம் முதலில் சொல்லி, தம்பியிடம் சொல்லி, கடைசியில்தானே என்னிடம் வந்தாய். அவளோ தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். என் மகள அமெரிக்கா பட்டாளம் காசு குடுத்துப் படிக்க வைக்கப்போகுது என்று ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு சொன்னாளாம். நம் தெருக் கடைசி வீட்டு ரிட்டயர்டு ஹவில்தார் கேட்டுவிட்டு, எந்த ரெஜிமெண்டும்மா என்று விசாரித்திருக்கிறார். இவள் கொஞ்சமும் கூசாமல் ஹூஸ்டன் ரெஜிமெண்ட் என்றாளாம். சிரிப்புதான் வருகிறது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்து. நீ ஆஸ்பத்திரி வேலையை விடப்போவதில்லை. முதலில் சில மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும், அதுவரை ஆஸ்பத்திரியில் உன் இடம் உனக்கே இருக்கும். பிறகு ரிசர்வ், அதாவது தேவைப்படும்போது கூப்பிடுகிற படை என்பதால் மாதத்தில் ஒரு சனி ஞாயிறு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போக வேண்டும், வருடத்தில் இரண்டு வாரம் மொத்தமாகப் போக வேண்டும். அதற்குப் பதிலாக உன் மேல்படிப்புக்கு ஃபீஸ் அவர்கள் கட்டுவார்கள், படிக்கிற மாதங்களில் கைச்செலவுக்கும் கொஞ்சம் வரும். கிரீன் கார்டுதான் இருக்கிறது என்பதால் இப்போதைக்கு நர்ஸ் ஆபீசராகச் சேர முடியாது, மெடிக் என்று சாதாரண சிப்பாயாகச் சேர வேண்டும். ஆனால் சிட்டிசன்ஷிப் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும். ஆறு வருடம் இப்படி, அதன்பிறகும் இரண்டு வருடம் உன் பெயர் அவர்கள் கையில் இருக்கும், வேண்டுமென்றால் கூப்பிடலாம். சரிதானே. இதில் ஒரு வார்த்தை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த ரெக்ரூட்டர் பெண், அதுதான் ஆள் சேர்க்கிற பெண், காபி வாங்கிக் கொடுத்துப் பொறுமையாக விளக்கினாள், ரொம்ப நல்லவள் என்றாய். நல்லவளாகவே இருக்கட்டும். என்னைக் குவைத்துக்கு ஏற்றிவிட்ட ஏஜெண்டும் நல்ல மனுஷன்தான், ஏர்போர்ட் வாசல் வரைக்கும் வந்து கை காட்டிவிட்டுப் போனார். அவர் கை காட்டினார், வந்து வெயிலில் நின்றது நான்.

உங்களுக்கு இதப் பத்தி என்னப்பா தெரியும் என்று கேட்டாய் பார், அதற்குத்தான் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குத் தெரியும் தாயி. நீ ஃபர்வானியாவில் கிளினிக் வேலையில் இருந்த அந்த மூன்று வருடமும் வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தித்தோம், பிரியாணி சாப்பிட்டோம், அம்மாவைப் பற்றிக் குறை பேசினோம், நான் துணி துவைக்கிற ராணுவ கேம்ப்பைப் பற்றி நீ ஒரு நாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. லாண்டரியில் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறுவோம், பாலைவனத்துக்குள் கேட்டில் இறங்கி, செல்போனைக் கொடுத்துவிட்டு, உடம்பைத் தடவிச் சோதித்த பிறகு உள்ளே போவோம். அமெரிக்கச் சிப்பாய்கள் அழுக்குத் துணிப் பையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைப்பார்கள், அவர்கள் கண் முன்னாலேயே கொட்டி, எண்ணி, சீட்டுக் கொடுத்து, பையில் நம்பர் மாட்டி உள்ளே அனுப்ப வேண்டும். அப்போது பாக்கெட் பாக்கெட்டாகக் கை விட்டுப் பார்ப்போம், அதுதான் எங்கள் வேலையிலேயே கவனமான வேலை. ஒரு பேனா தப்பி மெஷினுக்குள் போய்விட்டால் அத்தனை பேர் துணியும் நீலமாகிவிடும், அப்புறம் சூப்பர்வைசர் எங்களைத் துவைத்துவிடுவார்.

அந்தப் பாக்கெட்டுகளில் நான் பார்க்காத சாமான் இல்லை. புகையிலை டப்பா, பிள்ளைகள் போட்டோ, சாக்லேட் காகிதம், ஒரு தடவை ஒரு குட்டி ஜெபமாலை. ஆனால் சில பேர் பாக்கெட்டில் மட்டும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய சின்னச் சின்ன அட்டைகள் இருக்கும், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். அவர்கள் எல்லாம் ரிசர்வ்காரர்கள். பாதிப் பேர் காலேஜில் படித்துக்கொண்டிருக்கும்போதே வந்தவர்கள், ஃபீஸ் கட்ட வழியில்லாமல் இதில் சேர்ந்தவர்கள், உன்னைப் போலவே. எங்கள் ஆட்கள் அவர்களுக்குக் காலேஜ் பார்ட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புது யூனிட் வந்து இறங்கினால், காலேஜ் பார்ட்டி வந்திருக்கு, பாக்கெட்ட நல்லாப் பாரு என்று அழகுமலை உள்ளே குரல் கொடுப்பான். அட்டை கிடைத்தால் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையோடு சேர்த்துக் கட்டி வைப்பேன், திரும்ப வாங்கும்போது முதலில் அதைத்தான் தேடுவார்கள். ஒருத்தன் கணக்குப் படிப்பு, ஒருத்தி டீச்சர் படிப்பு, ஒருத்தன் என்ன படிக்கிறான் என்று அவனுக்கே இன்னும் முடிவாகவில்லை. கேட்டால் எல்லோரும் சொல்வது மாதம் ஒரு சனி ஞாயிறு என்றுதான் சேர்ந்தோம் என்பது. சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், என் வீட்டுப் பிள்ளையும் அதையே சொல்லும் என்று எனக்கு அப்போது தெரியாதே.

அதில் ஒரு பெண், சட்டையில் பெரெஸ் என்று பெயர் தைத்திருக்கும். உங்கள் டெக்ஸாஸ்தான், ஊர் பெயர் என் வாயில் நுழையவில்லை. நர்ஸ் படிப்பு, முடிக்க ஒரு வருடம்தான் பாக்கி. என் மகளும் நர்ஸ், ஹூஸ்டனில் இருக்கிறாள் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து பை கொண்டுவரும்போதெல்லாம், மேகம், ஹூஸ்டன் எப்படி இருக்கு என்று உன்னை விசாரிப்பாள். அடுத்த செமஸ்டருக்குப் புத்தகம் எல்லாம் வாங்கி வைத்த பிறகு அவளுக்கு இங்கே கிளம்பி வரச் சொல்லி உத்தரவு வந்ததாம். இது இரண்டாவது தடவை. ஃபீஸ் பணத்தில் குறை வைத்தார்களா என்று கேட்டேன், இல்லை இல்லை, அதெல்லாம் ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள், காலேஜில் இடமும் பத்திரமாக இருக்கும், உட்கார்ந்து படிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை என்றாள். கூடச் சேர்ந்த பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போய்விட்டார்களாம். வருத்தமா என்று கேட்டதற்கு, நான்தானே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லித் தோளைக் குலுக்கினாள். அவள் அழவும் இல்லை, யாரையும் குறை சொல்லவும் இல்லை, அதை நீ ஞாபகம் வைத்துக்கொள், நான் அவளைப் பாவப்பட்ட பிள்ளையாகக் காட்டி உன்னைப் பயமுறுத்தப் பார்க்கவில்லை.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியவே கூடாது. விமலுக்கும் சொல்லாதே, அவன் ஓட்டை வாயன். போன மாதம் ஒரு நாள் மத்தியானம், கவுண்டரில் கூட்டமாக இருந்த நேரம், சைரன் அடித்தது. முன்பெல்லாம் பழகுவதற்காக அடிப்பார்கள், இது அப்படி இல்லை, சிப்பாய்கள் ஓடிய ஓட்டத்திலேயே தெரிந்துவிட்டது. லாண்டரிக்குப் பக்கத்தில் கான்கிரீட்டில் ஒரு பதுங்குமிடம் இருக்கிறது, குனிந்துதான் உள்ளே போக வேண்டும், எங்கள் ஆட்களும் பை கொடுக்க வந்த சிப்பாய்களும் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். வியர்வை நாற்றம், மூச்சு முட்டியது, ஒரு நேபாளி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மந்திரம் சொன்னான், அழகுமலை என் கையைப் பிடித்தவன் கடைசிவரை விடவே இல்லை. எங்கோ தூரத்தில் ஒரு சத்தம், தரை ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. என் பக்கத்தில் பெரெஸ். அப்படியே பாக்கெட்டிலிருந்து அந்த அட்டைக் கட்டை எடுத்து என்னிடம் நீட்டி, கேளு மேகம், ஒவ்வொண்ணாக் கேளு என்றாள். எனக்கு அந்த மருந்துப் பெயரெல்லாம் படிக்க வருமா. அட்டையைத் தூக்கிக் காட்டினேன், அவள் பார்த்துப் பதில் சொன்னாள், திருப்பிப் பார்த்துத் தப்பென்றால் தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். சங்கீதா, நீ அமெரிக்கா நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கும்போது ஃபர்வானியா பார்க் பெஞ்சில் இதே மாதிரி அட்டையை என் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்வாயே, அதே முழி, அதே தலையில் அடித்துக்கொள்வது. எனக்கு அந்தப் பெண் முகமே தெரியவில்லை, உன் முகம்தான் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், குண்டுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

அபாயம் நீங்கியது என்று சொன்ன பிறகு வெளியே வந்தோம், அவளும் நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். அன்று சாயங்காலமே அவர்கள் யூனிட்டை வேறு எங்கேயோ நகர்த்திவிட்டார்கள். அவள் கொடுத்த பை என் ராக்கில் நின்றுவிட்டது. துவைத்து மடித்து நம்பரோடு இருக்கிறது, வாங்க ஆள் இல்லை. எங்கே போனார்கள் என்று நாங்கள் கேட்கக் கூடாது, கேட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு நாளும் அந்த ராக்கைத் தாண்டும்போது நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். யார் பெற்ற பிள்ளையோ, அதன் அப்பன் அங்கே டெக்ஸாஸில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான், அவனுக்குத் தெரியாதது ஒரு சலவைக்காரனுக்குத் தெரிந்துவிடுமா. கடைசியில் ஒரு சிப்பாய் வந்து ஏழெட்டுச் சீட்டை மொத்தமாகக் கொடுத்து எல்லாப் பையையும் வாங்கிப்போனான். பெரெஸ் நன்றாக இருக்கிறாளா என்று துணிந்து கேட்டுவிட்டேன். குட், ஆல் குட் என்றான். அவர்கள் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நம்பிக்கொள்ள வேண்டியதுதான் என்று நானும் நம்பிக்கொண்டேன். இப்படி இருக்கிறவனுக்கு நீ போன் பண்ணி, அப்பா ஒரு குட் நியூஸ், நான் ஆர்மி ரிசர்வ்ல சேரப்போறேன் என்கிறாய். கத்தாமல் என்ன செய்வேன், நீயே சொல்.

அதிலும் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. பிடிக்கலைன்னா விட்டுட்டு வந்துடுவேம்ப்பா, என்ன இப்போ என்றாய். அடியே, இது குவைத் விசாவா. இங்கே இருந்த பழக்கம் உன்னை விட்டு இன்னும் போகவில்லை. கிளினிக்கில் பிடிக்காமல் போனதும் நீ என்ன செய்தாய், வேறு இடத்துக்குப் போக ரிலீஸ் கேட்டாய், விசா கொடுத்த கஃபீல், உன் முதலாளி, முடியாது என்றான், ஆபீசில் போய் அழுதாய், நான் இரண்டு தடவை வந்து வாசலில் நின்றேன், கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தானா இல்லையா. கஃபீல் மனுஷன், ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மனசு இளகும். இளகாவிட்டாலும் கேன்சல் என்று ஒன்று இருக்கவே இருக்கிறது, விசாவைக் கேன்சல் அடித்துக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். கல்ஃபுக்கு வந்த நம்மைப் போன்ற எல்லோருக்கும் இந்தப் புத்திதான், எந்தக் காகிதமாக இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், யாரையாவது பிடித்து ரிலீஸ் வாங்கிவிடலாம் என்று. ராணுவத்தில் உன் கஃபீல் யார், ஒரு அரசாங்கம். அதன் வாசலில் நான் வந்து எங்கே நிற்பேன். உத்தரவு வந்தால் வந்ததுதான், பக்கத்து வார்டு நர்ஸிடம் டூட்டி மாற்றிக்கொள்கிற மாதிரி மாற்றிக்கொள்ள முடியாது. இதை அந்த நல்ல பெண் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாள், உன் காதில்தான் ஏறியிருக்காது.

அழகுமலை வேறு மாதிரி சொல்கிறான், அதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒரு பக்கம் மட்டும் சொன்னேன் என்று இருக்க வேண்டாம். அண்ணே, அந்த நாட்டுல இருந்து அந்த நாட்டுச் சோத்தத் திங்கிறா, அந்த நாட்டுக்கு ஒழைச்சா என்ன தப்பு, நம்ம ஊர்லயும்தான் வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துல இருக்கான் என்கிறான். தப்பில்லை. நானும் தப்பென்று சொல்லவில்லை. ஹவில்தாரைப் பார்த்தால் நம் ஊரில் இன்னமும் எழுந்து நிற்கிறார்கள். மனசார ஒருத்தி அதற்குப் போகிறாள் என்றால் அவளைத் தடுக்க நான் யார். படிப்புக்கு வேறு வழியே இல்லை என்று போகிறவளையும் என்னால் புரிந்துகொள்ள முடியும், பெரெஸுக்கு அப்படித்தான், அவள் வீட்டில் யாரும் ஒன்றும் கொடுக்க முடியாது. உனக்கு ஆஸ்பத்திரியிலேயே படிக்க உதவி உண்டு என்று நீதான் சொன்னாய். கொஞ்சம்தான் தருவார்கள், வேலை பார்த்துக்கொண்டே படித்தால் வருடம் கூடும், முடித்த பிறகும் அங்கேயே இருக்க வேண்டும் என்றாய். கூடட்டுமே, இருந்தால் என்ன. உனக்கு என்ன எண்பது வயதா ஆகிவிட்டது. இல்லை, ராணுவம்தான் என்றால், படிப்பு நடுவில் கூப்பிட்டால் என்ன ஆகும், எத்தனை காலத்துக்குக் கூப்பிடலாம், நீ வாங்கின ஃபீஸ் உதவி அப்போது என்ன ஆகும் என்று கேள். வாயால் சொன்னால் தலையாட்டாதே, காகிதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல். எதற்கும் சிரித்துக்கொண்டே சரி என்று சொல்கிற பழக்கம் உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது, அதை அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போ.

இவ்வளவும் படிப்பை மனசில் வைத்து எழுதினேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது அது இல்லை. போனை வைப்பதற்கு முன்னால் கடைசியாக அழுதுகொண்டே ஒன்று சொன்னாயே, அதுதான். யாருக்காகப்பா பண்றேன், சீக்கிரம் சிட்டிசன் ஆனா உங்களையும் அம்மாவையும் இங்க கூப்பிட்டுக்கலாம், இந்த வயசுலயும் நீங்க அந்தப் பாலைவனத்துல அடுத்தவன் துணியத் துவைச்சுக்கிட்டு இருக்கிறத என்னால பாக்க முடியல என்றாய். அப்புறம்தான் கட் ஆனது. படிப்பு பாதிதான், மிச்சப் பாதி நான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடி பைத்தியக்காரி. என்னை இந்தக் கேம்ப்பிலிருந்து எடுப்பதற்காக நீ கையெழுத்துப் போட்டால், அந்தக் கையெழுத்தே உன்னை இந்தக் கேம்ப்புக்குக் கொண்டுவந்து விடலாம், அதை யோசித்தாயா. நீ பையைத் தூக்கிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்து நிற்பது போல இரண்டு நாளாக நினைத்துப் பார்க்கிறேன். உன் துணியை எண்ணி வாங்க எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, சின்ன வயதில் எத்தனை துவைத்திருக்கிறேன். திரும்ப வாங்க நீ வருவாயா என்று ராக்கைப் பார்த்துக்கொண்டு நிற்க மட்டும் என்னால் ஆகாது. பெற்றவன் நான், வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் நேற்று வியாழக்கிழமை டூட்டி முடிந்ததும் பஸ் ஏறாமல் நேரே ஆபீசுக்குப் போனேன். எங்கள் மேனேஜர் ஹைதராபாத்காரர், என்ன மேகம் பாய், சம்பளத்தில் பிரச்சினையா என்றார். வேலையை விடுகிறேன், விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை, உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், எனக்குப் போதும் என்றேன். கலாஸா, எல்லாம் முடிந்ததா என்றார். கலாஸ் என்றேன். இரண்டாவது தடவை கேட்டுவிட்டுத்தான் காகிதத்தை என் பக்கம் தள்ளினார், கையெழுத்துப் போட்டுவிட்டேன். எனக்குப் பதில் வேறு ஆள் வேண்டும் என்று அப்போதே மேலே அனுப்பிவிட்டார்கள், இனி நானே போய்க் காலில் விழுந்தாலும் அந்த இடம் இல்லை. அடுத்த மாதம் ஊரில் இருப்பேன். அழகுமலைக்குத் தெரிந்ததும் ரூமே அதிரும்படி கத்தினான், அவ சேர்ந்தா சேருறா, சேராட்டிப் போறா, நீங்க ஏண்ணே வேலைய விட்டீங்க, கிறுக்கா உங்களுக்கு என்று. அவனுக்குப் பெண்பிள்ளை கிடையாது, இரண்டும் பையன்கள், சொன்னாலும் புரியாது. பிறகு அவனே எனக்கும் சேர்த்துச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

எனக்கும் கலக்கமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊருக்குப் போய் என்ன செய்வேன், காலையில் எழுந்து எங்கே போவேன், நான் குவைத்துக்கு வந்த பிறகு அம்மாவும் நானும் சேர்ந்தாற்போல் ஒரு மாதத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்ததே இல்லை, சண்டை போட்டே செத்துப்போவோமோ என்றுகூடத் தோன்றுகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் முதலில் அழுவாள், அப்புறம் வரும்போது நல்ல மிக்ஸி ஒன்று வாங்கிவரச் சொல்வாள். வீடு கட்டி முடித்தாயிற்று, விமல் கால் ஊன்றிவிட்டான், நீ சம்பாதிக்கிறாய், உண்மையில் எனக்கு இங்கே இருக்கக் காரணமே இல்லை, போகாமல் இருந்தது பழக்கம்தான். இது உன்னை மிரட்டுவதற்காகச் செய்தது என்று நினைத்துவிடாதே. நான் வேலையை விட்டுவிட்டேன், அதனால் நீ சேரக் கூடாது என்று சொல்ல வரவில்லை. கேன்சல் பண்ணுகிற வசதி எனக்கு இருக்கிறது, நீ போடப்போகிற கையெழுத்துக்கு அது இல்லை, அதனால் நான் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். என்றைக்காவது நீ உன் வழியில் சிட்டிசன் ஆகி எங்களைக் கூப்பிட்டால் வந்து ஒரு மாதம் இருந்து, உன் சமையலைக் குறை சொல்லிவிட்டுத் திரும்புகிறோம். அதற்கு ஒன்றும் அவசரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லை என்றால் நன்றாகத் தூங்கு. புயல் வருகிறது என்று நியூஸில் சொன்னார்கள், தண்ணீரும் மெழுகுவத்தியும் வாங்கி வை. சைரன் விஷயம் அம்மாவிடம் மூச்சு விடாதே, நான் வேலையை விட்ட விஷயத்தையும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ எந்த முடிவு எடுத்தாலும் நம் கருப்பசாமி உன் கூடவே நிற்பார், அப்பா அம்மாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு, அதை யாரும் கேன்சல் பண்ண முடியாது. நீ நல்ல நர்ஸ், அதற்கு மேலும் படித்துப் பெரிய ஆளாக வருவாய், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. திங்கட்கிழமை அங்கே போனால் நீ ஏன் சேருகிறாய் என்று அந்தப் பெண் கட்டாயம் கேட்பாள். உனக்கென்று ஒரு பதில் இருந்தால் தலை நிமிர்ந்து சொல், கையெழுத்துப் போடு, அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் அப்பாவை அந்தப் பாலைவனத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லாதே. அப்பா வெளியே வந்துவிட்டேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அப்பா
மு. கார்மேகம்